‘நாக்கினு கெட்டுண்டு மோளே’

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாவில் பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவதென்னவோ கோயமுத்தூர்த் தமிழ். என்னைக் கட்டிக்கொடுத்தது பொள்ளாச்சியில். அதனால் என் இரண்டு பிரசவங்களில் ஒன்று கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொன்று இந்தப் பக்கம். இரண்டு பையன்களுக்கும் ஒரே கோளாறுதான் இருந்தது. முதல் தடவை அதற்குப் பெயர் ‘பால் பத்தல’. ஏழு வருடம் கழித்துத்தான் சரியான பெயர் தெரிந்தது: நாக்கு ஒட்டு.

பெரியவன் பிறந்தது 2017-இல். மூன்றாம் நாளே மாரில் பால் கட்டி, ரவிக்கை நனையும் அளவுக்கு இருந்தது. ஆனால் அவன் வாய் வைத்தால் எனக்கு உயிர் போகும். கால் விரல்களை மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பத்து வரை எண்ணுவேன். ‘மொதல்ல அப்படித்தான் இருக்கும், பழகிரும்’ என்றார்கள். பழகவில்லை. காம்பு வெடித்து, பாலோடு ரத்தமும் வந்தது. ஒரு மணி நேரம் குடிப்பான், குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான், கீழே போட்டால் பத்து நிமிஷத்தில் வீறிடுவான். உரம் விழுந்திருக்கும் என்று உரம் எடுத்தார்கள். தொக்கம் என்றார்கள். எனக்குப் பூண்டுக் குழம்பு, பால்சுறா, வெந்தயக் களி என்று மாற்றி மாற்றி வந்தது. மருத்துவமனையில் எடை பார்த்தவர் எழுதிக் கொடுத்தது பவுடர் பால். பையன் வாயை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஆறாவது வாரம் எனக்குப் பால் வற்றிவிட்டது. அதற்கப்புறம் போன கல்யாணம், காது குத்து எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் ‘பால் குடுக்கலியா அம்மிணி?’ என்று கேட்பார். கேட்பவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

பவுடர் பாலைக் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சமயத்தில் அவனுக்குச் சாப்பாடு அதுதான். நன்றாகத்தான் வளர்ந்தான். எனக்குள்ள ஆத்திரமெல்லாம் காரணத்தை யாரும் தேடவில்லை என்பதில்தான்.

சின்னவன் 2024 ஆடியில் பிறந்தான். இந்த முறை அம்மா வீட்டில் இருந்தேன், பிரசவம் பாலக்காடு பக்கம் ஒரு மருத்துவமனையில். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து தகரக் கூரையை இரவெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும். பிறந்தபோது 3.1 கிலோ, ஐந்தாம் நாள் 2.8. பிறந்த குழந்தை முதல் சில நாள் எடை குறைவது சகஜம். பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி வர வேண்டும். நாங்கள் விளிம்பில் இருந்தோம். பதினான்காம் நாள் 2.85. ஒன்பது நாளில் ஏறியது வெறும் ஐம்பது கிராம். ஒரு நாளைக்கே இருபது முதல் முப்பது கிராம் ஏற வேண்டிய பருவம் அது.

அந்த வாரம்தான் வயநாட்டில் மண் சரிந்தது. வீட்டில் டிவியை யாரும் அணைக்கவில்லை. தாயை இழந்த கைக்குழந்தைகள் இருந்தால் பால் கொடுக்கத் தயார் என்று இடுக்கியிலிருந்து ஒரு பெண் தன் குடும்பத்தோடு கிளம்பி வந்த செய்தி ஓடியது. அதைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்தாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். என் பிள்ளைக்கே கொடுக்க முடியவில்லை என்று அன்று அழுத அழுகை வேறு எதற்கும் அழுததில்லை.

இரண்டாவது பிள்ளை என்பதால் சில விஷயங்களைக் கவனிக்கத் தெரிந்திருந்தது. குடிக்கும்போது நாக்கைச் சொடுக்குவது போல ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம். விழுங்கும் சத்தம் எப்போதாவது ஒன்று. கடைவாயில் பால் ஒழுகித் தாடையை நனைக்கும். வாயை விடுவித்துப் பார்த்தால், காம்பு நகத்தால் கிள்ளிய வெற்றிலைக் காம்பு மாதிரி ஒரு பக்கம் சரிந்து, நுனி ரத்தம் ஓடாமல் வெளுத்திருக்கும். ஐந்தாம் நாளுக்கு மேல் தினம் ஆறு தடவையாவது சிறுநீரில் துணி நனைய வேண்டும் என்பார்கள். இவனுக்கு நான்கு தாண்டவில்லை.

எடை பார்க்கப் போன இடத்தில் உலகத் தாய்ப்பால் வாரம் நடந்துகொண்டிருந்தது, ஆகஸ்ட் முதல் ஏழு நாள். வாசலில் பேனர், உள்ளே சொற்பொழிவு. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு நர்ஸ் சேச்சி வந்து, திரையை இழுத்துவிட்டு, ‘கொடுத்துக் காட்டு’ என்றார். முழுசாக இருபது நிமிஷம் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அதற்கு முன் எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் நான் பால் கொடுப்பதைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு கையைக் கழுவி, கையுறை போட்டு, சுண்டு விரலை அவன் வாய்க்குள் விட்டுச் சப்ப வைத்தார். இரண்டு விரலால் நாக்கை மேலே தூக்கி, செல்போன் வெளிச்சத்தைக் காட்டச் சொன்னார்.

நாக்கு நுனிக்குச் சற்றுப் பின்னாலிருந்து கீழ் ஈறு வரை ஒரு மெல்லிய வெள்ளைத் தோல், பாவாடை நாடா மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. அழும்போது நாக்கின் ஓரங்கள் மட்டும் மேலே வந்தன, நடு வரவில்லை. நுனி இதய வடிவில் பிளந்து தெரிந்தது.

‘நாக்கினு கெட்டுண்டு மோளே,’ என்றார் சேச்சி. ‘பாலுண்டு. குஞ்ஞினு எடுக்கான் பற்றுன்னில்லா.’

நாக்கில் கட்டு இருக்கிறது மகளே; பால் இருக்கிறது, பிள்ளையால் எடுக்க முடியவில்லை. ஏழு வருடமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த வாக்கியம் மலையாளத்தில் வந்தது.

டாக்டர்கள் டங்-டை என்கிறார்கள். எங்கள் அம்மாயி பார்த்துவிட்டு ‘அடிநாக்கு ஒட்டிக் கெடக்குது’ என்றாள். அந்தத் தோல் எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அது குட்டையாகவோ இறுக்கமாகவோ அமைந்து நாக்கை நகரவிடாது. ஆண் பிள்ளைகளுக்குக் கூடுதல், குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். பால் குடிக்க, நாக்கு கீழ் ஈறைத் தாண்டி நீண்டு, கிண்ணம் போலக் குழிந்து மார்பைப் பிடிக்க வேண்டும்; பின்பக்கம் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலில்தான் பால் வரும். நாக்கு எட்டாவிட்டால் பிள்ளை ஈறால் கடித்துப் பிடிக்கும், அதனால்தான் நமக்கு வலி. பிடி நழுவி நாக்கு பின்னுக்கு இழுபடும்போது வருவதுதான் அந்த ‘டொக்’.

பெரியவன் விஷயத்தில் எனக்குப் புரியாமல் இருந்த முடிச்சும் அன்று அவிழ்ந்தது. முதல் சில நாள், பிள்ளை குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஹார்மோன் மாற்றத்தால் பால் ஊறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவுதான் ஊறும். மிச்சம் நிற்க நிற்க, உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு நன்றாகவே ஊறிய பால் ஆறு வாரத்தில் நின்றுபோனது இப்படித்தான். நான் தின்ற சுறாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சேச்சி உடனே கத்தரியைப் பற்றிப் பேசவில்லை. ‘முதல்ல பிள்ளைக்கு வயிறு நிறையணும், ரெண்டாவது உனக்குப் பால் குறையக் கூடாது, வெட்டறது மூணாவது’ என்று அவர் தமிழில் சொன்னார். உட்காரும் விதத்தை மாற்றினார். நான் முன்னால் குனிந்து கொடுப்பதை நிறுத்தி, தலையணையில் சாய்ந்துகொண்டு, பிள்ளையை என் மேல் குப்புறப் போட்டு, வயிறோடு வயிறு ஒட்டி, மூக்கு நேரே காம்புக்கு வரும்படி வைக்கச் சொன்னார். அப்படி வைத்தால் தாடை முதலில் மார்பில் பதியும், வாய் பெரிதாகத் திறக்கும், கறுப்பு வட்டத்தின் கீழ்ப் பாகம் அதிகமாக உள்ளே போகும். விழுங்குவது நின்றால் மார்பைக் கையால் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டிலேயே வலி பாதி குறைந்தது. சில குழந்தைகளுக்கு இதுவே போதுமாம்.

எங்களுக்குப் போதவில்லை. அதனால் மூன்று நாள் மூன்று வேலை. முதலில் மாரில் போடுவது, பிறகு பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுப்பது, பிறகு அடுத்த வேளைக்குப் பீய்ச்சுவது. ஒரு நாளைக்கு எட்டு தடவைக்குக் குறையாமல். பாலாடை என்று நாங்கள் சொல்வதைக் கேரளத்தார் கோகர்ணம் என்பார்கள். மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். அம்மா எனக்கு ஊட்டிய வெள்ளிப் பாலாடை பரண் மேல் கிடந்தது. கொதிக்க வைத்து எடுத்தோம். நம் வீடுகளில் அதைப் பிள்ளையைக் காலில் மல்லாக்கப் போட்டு, வாய்க்குள் கவிழ்த்து ஊற்றத்தான் பயன்படுத்துவார்கள். புரை ஏறிவிடும். பிள்ளையைப் பாதி உட்கார்த்தி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டு ஓரத்தில் தொட்டு வைத்து, பால் உதட்டில் படும் அளவுக்குச் சாய்த்தால் போதும்; அவனே நாக்கால் நக்கி இழுத்துக்கொள்வான். முதல் நாள் பாதி என் மடியில். மூன்றாம் நாள் முப்பது மில்லி பத்து நிமிஷத்தில். பீய்ச்சிய பாலை வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கவில்லை.

ஒரு தராசு தகராறும் நடந்தது. ஒரு நாள் வேறு இடத்தில் எடை பார்க்க, எண்பது கிராம் குறைந்திருப்பதாகக் காட்டி, வீடே கலங்கிவிட்டது. மறுநாள் பழைய தராசில் ஏறியிருந்தது. ஒரே தராசு, துணி இல்லாமல். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

பொள்ளாச்சியிலிருந்து அத்தை பார்க்க வந்தார்கள், என் மாமியார். கையில் தேன் பாட்டிலும் வசம்பும். ‘நாக்குல தடவுனா தானா விட்டுரும்’ என்றார்கள். ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கும். நான் அதைச் சொல்லி வாக்குவாதம் தொடங்க இருந்தபோது, என் வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நுனியில் பிளவு. பெரியவனைக் கூப்பிட்டு நீட்டச் சொன்னோம். அவனுக்கும். அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்கள்: ‘எனக்கும் பால் பத்தலைன்னுதான் சொன்னாங்க கண்ணு. இவனுக்கு மாட்டுப்பாலு ஊத்தித்தான் வளத்தேன்.’ தேன் பாட்டிலைப் பைக்குள் திரும்ப வைத்ததை நான் பார்க்கவில்லை, பிறகு காணோம்.

இதற்குள் உறவில் ஒருவர் சொன்னார் என்று ஒரு கிளினிக்குக்கும் போய்வந்தோம். மாருக்குப் போடச் சொல்லிக்கூடப் பார்க்காமல், நாக்கு, மேலுதடு, இரண்டு கன்னம் எல்லாவற்றிலும் ஒட்டு இருக்கிறது, லேசரில் மொத்தமாக எடுத்துவிடலாம் என்று இருபதாயிரத்துக்கு மேல் ஒரு தொகை சொன்னார்கள். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தது நான் செய்த நல்ல காரியம். மேலுதட்டை மடித்துப் பார்த்தால் ஈறோடு சேரும் தோல் கிட்டத்தட்ட எல்லாப் பச்சிளங்குழந்தைக்கும் தெரியும். அது இருப்பது மட்டும் நோய் இல்லை. கன்னத்து ஒட்டு என்று சொல்லி அறுவை செய்யவே கூடாது என்று அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர்கள் 2020-இல் ஒருமித்துச் சொல்லியிருக்கிறார்கள். சின்னவன் பிறந்த அதே ஜூலை கடைசியில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், நாக்கு ஒட்டு தெரிகிற குழந்தைகளில் பலர் சிரமமில்லாமல் குடிக்கிறார்கள், கத்தரியைவிட லேசர் மேல் என்பதற்கு ஆதாரமில்லை என்கிறது. இரவுப் பால் நேரத்தில் செல்போனில் படித்ததெல்லாம் வீண்போகவில்லை.

சேச்சி அனுப்பிய குழந்தை டாக்டர் முதலில் கேட்டது இரண்டு கேள்வி. பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா? குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத வியாதி உண்டா? முதல் கேள்விக்குப் பதில் டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது. என் கர்ப்பப் பதிவும் அதற்குத் தரும் பிக்மி எண்ணும் தமிழ்நாட்டில், பிரசவம் கேரளத்தில்; அம்மா எல்லாக் காகிதத்தையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்ததால் தப்பித்தோம். எல்லையோரம் இருப்பவர்கள் இரண்டு மாநிலத் தாள்களையும் சேர்த்தே வையுங்கள்.

டாக்டர் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பு ஐந்து பரிசோதனைகளை, 302 குழந்தைகளை வைத்துச் சொன்னது: வெட்டியபின் தாய்க்கு வலி குறைகிறது, குழந்தை குடிப்பது சீராகிறதா என்பதில் முடிவுகள் ஒன்றாக இல்லை. அதைத்தான் அவரும் வேறு வார்த்தையில் சொன்னார். ‘வலி குறையும்னு நம்பிக்கை இருக்கு. குடிக்கக் கத்துக்கறது அவன் வேலை, உங்க வேலை.’

பதினேழாம் நாள். அன்று எடை 2.92. துண்டில் கை கால் சேர்த்துச் சுற்றி, நர்ஸ் தலையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் பிளவுள்ள கரண்டி போன்ற ஒன்றால் நாக்கைத் தூக்கி, வட்ட முனைக் கத்தரியால் இரண்டு நறுக்கு. மயக்க மருந்து கிடையாது. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் டாக்டர் பஞ்சுத் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ரத்தம் குங்குமப் பொட்டளவு. துண்டில் சுற்றியதற்குத்தான் அதிகமாக அழுதான். உடனே மாரில் போடச் சொன்னார்கள். கால் விரலை மடக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். நாலில் நிறுத்திவிட்டேன், எண்ணத் தேவைப்படவில்லை.

கதை அங்கே முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாளே ‘டொக்’ சத்தம் திரும்பி வந்தது. கயிறு அவிழ்ந்த கன்றுக்குட்டியும் சற்று நேரம் கட்டுத்தறியையே சுற்றும் என்றாள் அம்மாயி. வயிற்றிலிருந்தே கட்டுண்ட நாக்கு அது, பழைய பழக்கம் போக நாள் பிடிக்கும். பாலாடையையும் பீய்ச்சுவதையும் உடனே நிறுத்தாமல், ஒவ்வொரு வேளையாகக் குறைத்து, பத்துப் பன்னிரண்டு நாளில் விட்டோம். நடுவில் மூன்றாம் நாள் நாக்கடியில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு திட்டு வந்து, சீழ் பிடித்துவிட்டது என்று அம்மா பதறினாள். அது புண் ஆறும் நிறம்தான். இரண்டு வாரத்தில் மறைந்தது. தினம் பல தடவை விரலால் அந்தப் புண்ணை இழுத்து விட வேண்டும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எங்கள் டாக்டர் வேண்டாம் என்றார், அந்த 2024 அறிக்கையும் அதைப் பரிந்துரைக்கவில்லை. வாயில் வலிக்க வலிக்க விரல் விட்டால் பிள்ளை வாயைத் திறக்கவே பயப்படும்.

முப்பத்தோராம் நாள் அதே தராசில் 3.34. ஒரு நாளைக்கு முப்பது கிராம் கணக்கு வந்தது. ரசீதின் பின்பக்கம் எழுதிய அந்தக் கணக்கு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

இடையில் ஒரு பக்கம் மார் சிவந்து, குளிர் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தேன். பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி ஆலோசனை வந்தது. நிறுத்தக் கூடாது, அந்தப் பக்கமும் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும்.

பெரியவன் நாக்கை வெட்டவில்லை. குச்சி ஐஸ் தின்றால் முழங்கை வரை வடிகிறது, அவ்வளவுதான். நாக்கு ஒட்டு இருந்தால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள். பேசத் தொடங்குவதை அது தள்ளிப்போடாது, சில எழுத்துகளில் சிலருக்குத் தடுமாற்றம் வரலாம். எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒட்டு நாக்குக்காரர்கள். பிள்ளை ‘வாழைப்பழம்’ என்று அட்சரம் பிசகாமல் சொல்கிறான். அப்பா ‘வாளப்பளம்’ என்றுவிட்டு இப்போது நாக்கைக் காரணம் காட்டுகிறார். ஒட்டே இல்லாமல் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

போன மாசம் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ராத்திரி பத்து மணிக்குப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ‘அக்கா, இவனுக்கும் நாக்கு பொளந்திருக்குது பாருங்க, வெட்டோணுமா?’ பிளந்துதான் இருந்தது. என் முன்னால் கொடுக்கச் சொன்னேன். க்ளுக், க்ளுக் என்று விழுங்கும் சத்தம் மட்டும். விட்டபோது காம்பு உருண்டையாக, நிறம் மாறாமல் இருந்தது. வலிக்கிறதா என்றேன். ‘இல்லீங்க்கா, கூச்சந்தான்.’ துணி எத்தனை நனைகிறது என்று கேட்டால் எட்டு, ஒன்பது என்றாள். மறுநாள் சேச்சியிடம் அனுப்பி எடை பார்த்தோம். பிறந்து இருபது நாளில் அரைக் கிலோ கூடியிருந்தான். சேச்சி அவன் கன்னத்தைத் தட்டி, போய் அடுத்த மாசம் தடுப்பூசிக்கு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.